ரம்பப் பிளேடு

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இந்த முறை அது நோன்பு மாதத்தில் வந்ததால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

2010 ஆகஸ்டு. ஷார்ஜாவிலிருந்து மகன் ரபீக் அனுப்பிய பொம்மை ரயிலுக்கு, உத்தமபாளையம் வீட்டுக் கொல்லையில் திராட்சைப் பந்தலைச் சுற்றிப் பாதை போட்டேன். சிமெண்டுத் தளத்தில் பித்தளைத் தண்டவாளத்தை வைத்து, சாணுக்கொரு திருகாணி முடுக்கினேன். துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழைச் சந்துகூட விடாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். காலையில் ரயில் ஜோராக ஓடும். மத்தியானம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் திருகாணி பிடுங்கிக்கொண்டு, தண்டவாளம் கோணிக்கிடக்கும். தட்டி நேராக்கினாலும் மறுநாள் அதே கதி.

யாரோ மிதிக்கிறார்கள். வேறு யார்? வேலிக்கு அந்தப் பக்கம் கருத்தக்கண்ணன். போடி லைனில் தண்டவாளம் பார்த்து நடக்கும் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு முப்பது வருஷச் சிநேகிதர். பாதை போட்ட நாளிலிருந்து வேலியோரம் நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமை மத்தியானம் கையும் களவுமாகப் பிடித்தேன். தண்டவாளத்தருகே குத்தவைத்திருந்தார். கையில் ரம்பப் பிளேடு.

"பாய், இது வந்து..."

"பேசாதய்யா! களவாணிப் புத்தி!"

பிளேடைப் பிடுங்கிக்கொண்டு, அவரைத் தெரு வரைக்கும் இழுத்து வந்து கத்தினேன். எல்லா வாசலிலும் தலைகள். அவர் குனிந்த தலையோடு போய்விட்டார். வருஷா வருஷம் அவர் வீட்டுக்குப் போகும் நோன்புக் கஞ்சியையும் அன்றே நிறுத்தினேன்.

வியாழக்கிழமை வீட்டிலேயே தொழுதுவிட்டுப் பந்தலடியில் காவலிருந்தேன். ஆள் அரவமில்லை. உச்சி வெயில் உறைக்க உறைக்க 'டிக்'கென்று ஒரு திருகாணி தெறித்தது. சூட்டில் நீண்ட பித்தளை, நீள இடமில்லாமல், என் கண் முன்னாலேயே எழும்பி வளைந்தது. பெரிய ரயிலுக்கே சந்து விட்டுத்தானே தண்டவாளம் போடுவார்கள்! அந்த மனுஷன் சந்து வெட்ட வந்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

நோன்பு திறந்ததும் கஞ்சி வாளியோடு போனேன்.

"பாய் வந்திருக்காக" என்று அவர் மனைவி அக்கம்மாள் உள்ளே குரல் கொடுத்தார்.

"தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க" என்றேன் வாசற்படியில், மெதுவாக.

கருத்தக்கண்ணன் வாளியைத் தொடவில்லை. "இப்ப மெதுவாச் சொல்றீக பாய். நேத்துத் தெருவே கேக்கச் சொன்னீக."

நியாயம்தான். நடுத்தெருவுக்குப் போய் நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! கருத்தக்கண்ணன் களவாணி இல்ல. புத்தி கெட்டவன் இந்தப் பக்கீர் முகம்மதுதான்!"

மறுபடியும் எல்லா வாசலிலும் தலைகள். திரும்பினால் அவர் பக்கத்தில் நின்றிருந்தார். வாளியை வாங்கி அக்கம்மாளிடம் கொடுத்தார்.

"பிளேடு ஒங்ககிட்டதான இருக்கு? எடுத்தாங்க. நாலு எடத்துல வெட்டணும்."