ஹம்மிங்குக்குப் பிறகு

கேட்காமலே இருந்திருக்கலாம், என்று மோகனப்பிரியா நினைத்தாள். நினைத்த உடனே, இப்படி நினைக்கவும் எனக்கு மனசு வருகிறதே என்று கூசினாள்.

எதிரே லேப்டாப் திரையில் வண்ணக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டு ஒலி. தொட்டால் அது திரும்பத் திரும்பச் சுழலும். இன்னொன்றைத் தொட்டால் அதுவும் தாளம் பிசகாமல் வந்து சேர்ந்துகொள்ளும். பல்லவிதான் முதலில் வரவேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அங்கே கிடையாது. பீளமேட்டு மாடி அறையில் அவளும் அவளோடு சேர்ந்து மேடையில் வாசிக்கும் கிருபாசங்கரும் அதைத்தான் விளையாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரணத்தைத் தூக்கி முன்னால் போடுவார்கள். பல்லவியை வரவிடாமலே இழுத்தடிப்பார்கள். எப்படிக் கலைத்துப் போட்டாலும் பாட்டைச் சிதறாமல் பிடித்து வைத்தது நீலக் கட்டம்தான். அதில் இருந்தது ஜாஹிதாவின் ஹம்மிங்.

ஜாஹிதா கல்லூரித் தோழி. கோட்டைமேட்டில் வீடு. எதையாவது சொல்லத் தயங்கினால் முதலில் ஏதோ ஒரு மெட்டை ஹம் பண்ணுவாள், பிறகுதான் பேச்சு வரும். போன மாதம் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் அப்படித்தான் தொடங்கியது. பிரியாவின் காது வேறு மாதிரிப் பழகிப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் எங்கே வெட்டலாம், எங்கே ஒட்டலாம் என்றுதான் பார்க்கும். ஹம்மிங் முடிந்த இடத்திலேயே நிறுத்தினாள், வெட்டினாள், கட்டத்துக்குள் போட்டாள். 'செமடி, இதை நான் எடுத்துக்கறேன்' என்று பதிலும் எழுதினாள். ஜாஹிதாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

நேற்று பாட்டுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. சுழலுகிற துண்டுகளுக்குத் தானாக முடியத் தெரியாது. ஹம்மிங் அடங்குகிற இடம் கொஞ்சம் கிடைக்குமா என்று பழைய மெசேஜைத் திறந்தவள் நிறுத்தாமல் ஓடவிட்டாள்.

"பிரியா, நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்டி. அண்ணனால துபாய்ல இருந்து வர முடியல. நீ கூட வந்து சும்மா உக்காந்தாப் போதும். தனியா இருக்க பயமா இருக்கு."

உடனே போன் செய்தாள். "அட, அது முடிஞ்சு எத்தனை நாளாச்சு! அம்மா இப்ப நல்லா நடக்கறாங்க. விடுடி" என்று ஜாஹிதா சிரித்தாள். திட்டியிருந்தால் பிரியா தூங்கியிருப்பாள்.

"ஏனுங்க அம்மணி, தவம் பண்றீங்களா?" என்றான் கிருபாசங்கர். "ஞாயித்துக்கிழமை மேடையிலயும் இப்படியே உக்காந்தீங்கன்னா சனம் டீ குடிக்கப் போயிருமுங்க. நீலத்தைத் தட்டுங்க."

"அதை எடுத்துரலாங்க கிருபா." காலையிலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"எடுத்துட்டா? அப்புறம் வெறும் டொம்மு டொம்முதான். கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடற மாதிரி இருக்கும். நானே அவங்ககிட்டக் கேட்டுப்போட்டனுங்க. 'தாராளமாப் போடுங்கண்ணா'ன்னு சொல்லிப்போட்டாங்க. அவங்களே சொல்லியாச்சு, உங்களுக்கென்னங்க?"

தாராளமாகத்தான் சொல்லியிருப்பாள். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். ஒன்றை இரண்டாம் தடவை கேட்கவும் தெரியாதவள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. அந்தப் பயத்தின் முதல் பாதிக்குத்தான் இங்கே தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரேயொருக்கா தட்டுங்க அம்மணி. கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாம்."

"நான் தட்ட மாட்டனுங்க" என்றாள் பிரியா, குரலை உயர்த்தாமல். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.