சார்ஜர் படிவத்தில் ஏழாவது வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயத்திலிருந்து. மின்சாரக் கார் வாங்கி ஒன்பது நாளாகிறது. வீட்டுச் சுவரில் மாட்ட எந்தச் சார்ஜர் வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். (எழுதுகிறவனுக்கு இது ஒரு வசதி. வேலையைத் தள்ளிப்போடுவதே ஒரு வேலை மாதிரி தெரியும்.)

தொடக்கம் ஒன்று: அந்த வெள்ளைப் பெட்டி சுவரில் ஒரு கண்ணைப் போல

வேண்டாம். எந்தப் பெட்டியும் கண்ணைப் போல இருப்பதில்லை.

தொடக்கம் இரண்டு: வீட்டில் நாங்கள் இரண்டு பேர், நானும் மனைவியும். அவள் வீடு வீடாகக் காரில் போய் ரத்த மாதிரி எடுப்பவள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, இரண்டும் நெடுந்தூரம். நடுவில் அவள் தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் ஐந்து மணி நேரம்தான் கார் வீட்டில் நிற்கும். அதற்குள் பெரிய சார்ஜர் நிரப்பிவிடும். சின்னது பாதிகூட நிரப்பாது.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்ளலாம்.

2

எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியைத் திறந்து உச்சுக் கொட்டினார்.

"பெரிய சார்ஜரும் ஏசியும் ஹீட்டரும் ஒண்ணா ஓடுச்சுன்னா மெயின் சுவிட்ச் விழுந்துரும் சார். வீட்டுல என்னென்ன ஓடுது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஏசி, ஹீட்டர், தண்ணி மோட்டார், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கரண்ட் அடுப்பு. ஆறு வரி. சார்ஜர் படிவத்தில் எழுதிக் கூட்டினார்.

"இவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப பெரிசே போட்டுக்கலாம். எப்பவாச்சும் மெயின் விழுந்தா, போய்த் தூக்கி விட்டா முடிஞ்சுது."

[இரண்டாம் வரைவில் இவரை ஏமாற்றுக்காரராக்கப் பார்த்தேன். பழியை அவர் தலையில் கட்டினால் எனக்கு நிம்மதி. முடியவில்லை. மனிதர் சரியாகத்தான் கேட்டார்.]

3

மேலே இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தப்பு. மூன்று பேர். பின்னறையில் அப்பா இருக்கிறார். அவர் மூக்குக் குழாய்க்கு ஆக்சிஜன் கொடுக்கும் எந்திரம் இரண்டு வருடமாக ஓடுகிறது. கரண்ட் போனால் அதன் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். மெயின் இருப்பது வாசலுக்கு வெளியே. அவருடைய குழாய் கூடம் வரைதான் எட்டும். கார் சார்ஜ் ஆகும் அந்த ஐந்து மணி நேரமும் நான் அலுவலகத்தில் இருப்பேன். வீட்டில் அவர் மட்டும்தான்.

எப்படி மறந்தேன்? எலக்ட்ரீஷியன் கேட்டபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழகிப்போய் அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை. வெட்கமாக இருக்கிறது. கதையில்கூட அவரை விட்டுவிட்டேன், பாருங்கள்.

4

முடிவுகள்:

அ. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் சுமை ஏறினால் தானாகவே தணிந்துகொள்ளும் சார்ஜர் இருக்கிறதாம், அதை மாட்டுகிறார். எல்லோரும் சுகம். (நிஜத்திலும் அதைத்தான் வாங்கப்போகிறேன். சார்ஜர் கவலை அதோடு தீரும். என் கவலை தீராது.)

ஆ. பெரிய சார்ஜர். ஒரு நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு மெயின் விழுகிறது. அப்பா மெதுவாகக் கூடம் வரை வந்து, குழாய் இழுக்க

இதை எழுத மாட்டேன்.

இ. இது நான் யோசித்த முடிவே இல்லை, தானாக நடந்தது. மின் இணைப்பு அப்பா பெயரில் இருப்பதால் படிவத்தில் கையெழுத்து அவர்தான் போட வேண்டும். நான் திருத்துவதற்குள் மனைவி அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டாள். முப்பது வருடம் கிடங்கில் சரக்குப் பட்டியல் சரிபார்த்தவர், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இவ்வளவுதானாப்பா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, பேனா குடு."

கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடுவாரா, ஏழாவது வரியை அவரே எழுதிக்கொள்வாரா? நான் தாளைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு இப்போது அந்த எந்திரத்தின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.