மலர்க்கொடிக்கு ஒரு கிஃப்ட் வவுச்சர்

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. சரியாகச் சொன்னால், நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையின் எண்ணுக்கு, 'கலர் பிரிண்ட் ஒண்ணு' என்ற குறிப்போடு வந்தது.

கடை நஜீபாவுடையது. காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரேஷன் கார்டு திருத்தம் எல்லாம் நான்தான் டைப் செய்வேன். ஆள் வராத நேரத்தில் அதே கணினியில் கதை எழுதுவேன். "ஒன் கதையால என் கீபோர்டு தேயுது நிலா" என்பாள் நஜீபா. ஆனால் முதல் ஆளாக அவள்தான் படிப்பாள்.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"அலைகள் ஆர்ப்பரித்த அந்தக் காலையில்" (கடைக்குள் அலை கேட்காது. ஆட்டோ ஹாரன்தான் கேட்கும்.)

"அன்பளிப்பு என்பது கொடுப்பவரின்" (இதை முடிக்க எனக்கே பொறுமை இல்லை.)

"சிங்காரவேலுவுக்கு வயது ஐம்பத்தாறு." இது நிற்கட்டும்.

2

சிங்காரவேலுவுக்கு வயது ஐம்பத்தாறு. பட்டினத்துப் பக்கம் மீனவர் தெருவில் வீடு. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. திருமலைராயன்பட்டினம் என்று முழுப் பெயரையும் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை, பட்டினம்தான். பிரிண்ட் கேட்டு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே அவரும் வந்து நின்றார்.

அவர் அனுப்பியது ஒரு பல் மருத்துவமனையின் கிஃப்ட் வவுச்சர். "இந்தச் சீட்டைக் கொண்டுவரும் திருமதி மலர்க்கொடி அவர்களுக்கு முன்பற்கள் நான்கு பொருத்தித் தரப்படும்." பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா யாருங்க?" என்றார்.

"சும்மா படம்தாண்ணே."

"எடுத்துடுங்க. பாத்தியா, இவளுக்கு இருக்கு ஒனக்கு இல்லன்னு சொல்லுற மாதிரி இருக்கு."

எடுத்தேன். அந்த இடம் காலியாக இருந்தது. பூப் போடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். தாளைக் கையில் வாங்கியும் கிளம்பவில்லை.

"இத எப்படிக் குடுக்குறதுன்னுதான் தெரியல. சேலைன்னா குடுத்துடலாம். இது..."

மலர்க்கொடி அவர் மனைவி. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஆறு வருடமாக முன்பற்கள் நான்கும் கிடையாது. பொக்கை வாயோடு விலை பேசுவார், சண்டை போடுவார், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குப் போய், உனக்குப் பல் இல்லை என்று அச்சடித்து எப்படிக் கொடுப்பது?

நஜீபா போனை எடுத்தாள். இந்த மாதிரி வீடியோக்கள் அவளுக்கு உயிர். பலூனுக்குள் வவுச்சரைச் சுருட்டி வைத்து ஊதுவது. சாக்லேட்டுகளுக்கு நடுவே பூ மாதிரி செருகிக் கொத்தாகக் கட்டுவது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, 'ஆசை வந்தால் உடைக்கவும்' என்று எழுதி ஒரு குட்டிச் சுத்தியலும் சேர்த்துக் கொடுப்பது.

"இது சூப்பரா இருக்கும்ணே. அவங்களே உடைச்சு எடுப்பாங்க."

சிங்காரவேலு முகம் சுருங்கியது. "உடைக்கிறது எதுவும் வேணாம்மா."

கடைசியில் பெட்டிக்குள் பெட்டி என்று முடிவானது. ஐந்து பெட்டிகள். நானே தாள் ஒட்டிக் கொடுத்தேன்.

3

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் போனதும் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தில் சிங்காரவேலு குடித்துவிட்டு வந்து மனைவியை முகத்தில் அடிக்கிறார். நான்கு பல் போகிறது. ஆறு வருடம் கழித்துக் குற்ற உணர்ச்சியில் வவுச்சர் வாங்குகிறார். 'உடைக்கிறது எதுவும் வேணாம்' என்ற ஒரே வாக்கியத்திலிருந்து இத்தனையும் எழுதினேன். (எழுதுகிறவர்களை நம்பி எதையும் சொல்லாதீர்கள்.)

நஜீபா படித்துவிட்டு, "அவருகிட்ட கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை.

4

ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். பெட்டிகள் தோற்றுவிட்டன. மலர்க்கொடி முதல் பெட்டியைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதில் நிறுத்திவிட்டு, "நல்ல பெட்டியா இருக்கே, மொளகா போட்டு வைக்கலாம்" என்று எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே வவுச்சர் இருந்த சின்னப் பெட்டியைச் சிங்காரவேலு அவசரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு புதுச் சேலை வாங்கி அதன் மடிப்புக்குள் வைத்தார். மலர்க்கொடிக்குச் சேலை பிடித்திருந்தது. தாளைத் துணிக்கடை நோட்டீஸ் என்று நினைத்து ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டார். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

நஜீபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அவங்களுக்குப் பல்லு எப்படிப் போச்சு?"

"ஊருல எல்லார்ட்டயும் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருக்கா." பிரிண்டரைப் பார்த்துச் சொன்னார். "நாந்தான்."

நஜீபாவின் சிரிப்பு நின்றது.

அன்று காலை வீட்டில் ஏதோ சண்டை. எதற்கு என்று அவருக்கு இப்போது நினைவில்லை. கரைக்கு வந்த பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் படகிலிருந்து மீன் பெட்டியைத் தூக்கி வீசுவார், மலர்க்கொடி கீழே நின்று பிடிப்பார். இருபது வருடப் பழக்கம். அன்று நான்காவது பெட்டியை அவர் கோபத்தோடு வீசினார். பெட்டியின் விளிம்பு வாயில் பட்டது.

"அடிக்கணும்னு வீசல தங்கச்சி. ஆனா மெதுவாவும் வீசல. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஆறு வருஷமா நின்னுட்டிருக்கேன்."

என் இரண்டு பக்கத்தை நினைத்துக்கொண்டேன். அது பொய். ஆனால் முழுப் பொய் என்று அழிக்கவும் கை வரவில்லை. ஒரு மனிதர் அன்பானவர் என்று எழுதிவிட்டால் அந்தப் பெட்டியின் வேகத்தை என்ன செய்வது? கொடுமைக்காரர் என்றால், ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் தாளை என்ன செய்வது?

நஜீபாதான் பேசினாள். "அப்ப நீங்க குடுக்க வேண்டியது வவுச்சர் இல்லண்ணே. மொதல்ல அதச் சொல்லுங்க. பேப்பரு பின்னால போகட்டும்."

5

ஞாயிற்றுக்கிழமை காலை. மலர்க்கொடி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். (இந்தக் காட்சியை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.) சிங்காரவேலு ஃப்ரிட்ஜ் மேலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"இது நோட்டீஸ் இல்ல. படி."

அவர் கையைத் துடைத்துவிட்டு மெதுவாகப் படித்தார்.

"பல்லு கட்டவா? இப்பத்தான் கண்ணுல பட்டுச்சா ஒங்களுக்கு?"

"அன்னைக்கே பட்டுச்சு மலரு. கை தவறல. கோவத்துல வீசுனேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எதுத்தாப்புல நின்னவ நானு. பெட்டி வந்த வேகம் எனக்குத் தெரியாதா?"

இதற்குப் பிறகு மனைவி ஒன்றும் பேசவில்லை என்று அவர் சொன்னார். மலர்க்கொடியின் கணக்கில் இன்னும் இரண்டு வாக்கியங்கள் உண்டு. "வழுக்கி விழுந்தேன்னு சொன்னது நம்ம ஷர்மிளாவுக்காக, பொண்ணு அப்பன வேற மாதிரி பாத்துடக் கூடாது. நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் காதில் அது விழவில்லையோ, விழுந்ததைத் தாங்க முடியவில்லையோ. நான் இரண்டையும் விட்டுவைக்கிறேன்.

இங்கே முடிவு கேட்பீர்கள். என்னிடம் இருந்தவை:

அ) மலர்க்கொடி வவுச்சரைக் கிழித்து அடுப்பில் போடுகிறார். இலக்கியக் கூட்டத்தில் வாசித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பல் இல்லாமல் ஆறு வருடமாக முறுக்கு தின்னாதவர் அவர்தான், நானில்லை.

ஆ) இருவரும் கட்டிக்கொண்டு அழு

வேண்டாம்.

நடந்தது வேறு. மலர்க்கொடி மிச்ச வெங்காயத்தையும் அரிந்தார். குழம்பு வைத்தார். நாலு நாள் கணவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. ஐந்தாம் நாள், கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஆஸ்பத்திரி எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டார்.

6

போன செவ்வாய்க்கிழமை மலர்க்கொடி கடைக்கு வந்தார். என் மனதில் ஒல்லியாக, தலைகுனிந்து நடப்பவராக எழுதி வைத்திருந்தேன். வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்; குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"எங்க வீட்டுக்காரரப் பத்தி எழுதுற பொண்ணு நீதானா?"

நஜீபா அவசரமாக ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் குனிந்தாள்.

எழுதியதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன், அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். அடிக்கிற இடத்தில் படிப்பதை நிறுத்தினார்.

"எடுத்துடுறேங்கக்கா" என்றேன்.

"எழுதுனேன்னு ஒத்துக்கிட்டல்ல? அத வையி. அத மறைச்சிட்டா நீயும் வழுக்கி விழுந்தேன்னு சொல்ற ஆளாயிடுவ."

அப்புறம் அடுப்படியில் நடந்ததைத் தன் பங்குக்குச் சொல்லிவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் வாய்க்கு அளவெடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கும் அந்த மாதிரி ஒரு சீட்டு அடிச்சுக் குடு. அவருக்கு."

"எந்தக் கடைக்குங்கக்கா?"

"கடைக்கு இல்ல. நான் குடுக்குறது."

அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். மூன்றே வரி. நஜீபா எட்டிப் பார்த்து, "எது வரைக்கும் செல்லும்னு போடணும்க்கா, அப்பத்தான் வவுச்சரு" என்றாள். மலர்க்கொடி சற்று யோசித்து அதையும் சொன்னார்.

"எப்படிக் குடுக்கப் போறீங்க? பெட்டி ஒட்டித் தரவா?"

"கையில குடுப்பேன்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பட்டினம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நடு வரியை நான் இங்கே தரமாட்டேன். அது ஒருவருக்காக மட்டும் அச்சடித்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன், உங்களுக்கு இப்படி ஒரு சீட்டைத் தரக்கூடியவர் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

சிங்காரவேலு அவர்களுக்கு,

(                                        )

செல்லுபடியாகும் காலம்: நான் இருக்குற வரைக்கும்.

மலர்க்கொடி