காலுறை வாங்கிய சாட்சி

எங்கள் பூர்வகுடிச் சட்டத்தை ஆராய மூன்று ஆண்டுகளாக வந்துபோகும் ஹாலிஸ், நாங்கள் கொடுத்த காலுறையைப் போட்டுக்கொண்டே, எங்கள் வழக்கில் தனக்குச் சம்பந்தமில்லை என்றார்.

கனடாவின் ஸ்கீனா ஆற்றில், பாலத்துக்குக் கீழே சால்மன் மீன் பிடிக்கும் இடம் எங்கள் தவளைக் குலத்துடையது. அதை வெர்னா பெரியம்மாவுக்குத் தருவதாக, இப்போது உயிரோடில்லாத என் தாய்மாமா விருந்தில் அறிவித்தார். அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் அவருடைய தம்பி எல்ராய் மாமா. எங்கள் சட்டப்படி, விருந்தில் பரிசு வாங்கிய விருந்தாளிதான் அங்கே சொன்னதற்குச் சாட்சி. அன்று பனி கொட்டியதால் பாதிப்பேர் முன்பே கிளம்பிவிட்டார்கள். கடைசிவரை இருந்த விருந்தாளிகள் மூவர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் அறிவிப்பின்போது தூங்கியதாக ஒப்புக்கொண்டார். மிச்சம் ஹாலிஸ்.

"நான் வெறும் பார்வையாளன். தலையிட மாட்டேன்னு கல்லூரி நெறிமுறைக் குழுகிட்ட கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அன்னிக்கு விருந்துல எங்ககிட்ட சர்க்கரையும் காலுறையும் வாங்கியிருக்கீங்க," என்றேன்.

"அது அன்பளிப்புன்னு நினைச்சேன்!"

"மூணு வருஷமா எதைப் படிச்சீங்க?"

பெரியம்மா வலையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். இடம் போனால் குளிர்காலத்துக்கு மீன் கிடையாது. நான் ஹாலிஸைக் கெஞ்சி, மிரட்டி, விருந்துக் கூடத்துக்கு இழுத்துவந்தேன்.

வழக்கை விசாரித்த ஓநாய்க் குலத் தலைவி மர்டில் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். ஹாலிஸ் நோட்டைத் திறந்தார்.

"மூடுப்பா. அன்னிக்கு நோட்டா சாப்பிட்டுச்சு? நீதானே சாப்பிட்ட? வாயால சொல்லு."

ஹாலிஸ் நோட்டை மூடினார். "இடம் வெர்னாவுக்குன்னு சொன்னார்."

எங்கள் வரிசை நிம்மதியாக மூச்சுவிட்டது. போதும், உட்காரு என்று கண்ணைக் காட்டினேன். மனிதர் உட்காரவில்லை.

"ஒரு கோடை வெர்னாவுக்கு. மறு கோடை எல்ராய்க்கு."

இருதரப்புக்கும் ஒரே அளவு கோபம் வந்தது.

"இவனைக் கூட்டிட்டு வந்தது நீதானேடா?" என்றாள் பெரியம்மா என்னிடம்.

"மூத்தவ முதல்ல பிடிக்கட்டும்," என்று மர்டில் முடித்துவைத்தார்.

"என் ஆராய்ச்சியும் முடிஞ்சுது," என்றார் ஹாலிஸ். "குழு இனிமே விடாது. நான் கிளம்பட்டுமா?"

"ஆராய்ச்சி முடிஞ்சா என்ன?" என்றார் மர்டில். " அடுத்த கோடையில இதுங்க மறுபடி அடிச்சுக்கும். வந்து சொல்லணும்."

"எத்தனை வருஷம்?"

"உசுரு இருக்கற வரைக்கும்."

ஹாலிஸ் பாதி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி பாதி உட்கார்ந்தார். பெரியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.