வெய்க்கோ கேட்டது

இத்தாலி மலையில் இருக்கிற எங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதத் திருவிழா என்றால் ஆட்டுக்கறிக் குச்சிதான். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, குச்சியில் கோத்து, வாய்க்கால் மாதிரி ஒடுங்கிய நீள இரும்பு அடுப்பில் வரிசையாகச் சாய்த்துச் சுடுவோம். அப்படி ஐந்து அடுப்புகள். அதில் மூன்றாவது அடுப்பு பதினாறு வருஷமாக வெய்க்கோவினுடையது.

வெய்க்கோ பின்லாந்துக்காரர். அங்கே ஏதோ காகித ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவி இர்யாவும் எங்கள் எதிர்வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். அது என் சித்தப்பா வீடு. அவர் பிள்ளைகள் பெஸ்காரா பட்டணத்துக்குப் போய்க் கடை வைத்தபின் ஒன்பது வருஷம் பூட்டியே கிடந்தது. அந்தக் கூரையில் மறுபடி புகை எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு யார் வந்திருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

இர்யா புத்தகம் வைத்து இத்தாலி பாஷை படித்தாள். வெய்க்கோவோ என் வீட்டுக்காரன் நுன்சியோவிடம் படித்தார். அதனால் இர்யா பேசினால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கும். வெய்க்கோ பேசினால் ஆடு மேய்க்கிறவன் பேசுகிற மாதிரி, நடுவில் இரண்டு கெட்ட வார்த்தையோடு இருக்கும். வந்த முதல் வருஷத் திருவிழாவிலேயே வரிசையில் நின்று வாங்கித் தின்றுவிட்டு நேராக அடுப்புக்குப் பின்னால் வந்தார். விழாக் குழுத் தலைவன் தொனாத்தோவின் கையிலிருந்து ஒரு கொத்துக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, "இப்படித் திருப்பினா நடுவுல வேகாது" என்றார்.

"பாருங்கடா, பனிக்கரடி ஊர்லேர்ந்து வந்து நமக்கு ஆடு சுடக் கத்துக்குடுக்கிறாரு!" என்று தொனாத்தோ சிரித்தான். ஆனால் அடுப்பைக் கொடுத்துவிட்டான். அன்றையிலிருந்து நுன்சியோ அவரை 'கும்பா' என்று கூப்பிட ஆரம்பித்தான். சிநேகிதன் சொந்தமாகிப் போனால் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரியில் இர்யா போய்விட்டாள். பனியை வெட்டித்தான் குழி தோண்டினார்கள். அதற்கப்புறம் வெய்க்கோவின் வாயிலிருந்து வார்த்தைகள் உதிர ஆரம்பித்தன. முதலில் பெயர்கள். என்னை ஒருநாள் "நீதான், நீதான்" என்றார். எர்சிலியா என்ற என் பெயர் அவருக்கு வரவில்லை. பிறகு சாமான்களின் பெயர்கள். போன குளிர்காலத்தில் எங்கள் பாஷை மொத்தமாகவே போய்விட்டது. பள்ளத்தாக்கிலிருந்து வந்த டாக்டர், "மறதி நோயில் கடைசியாகக் கற்றதுதான் முதலில் போகும்" என்றார். அவருடைய சொந்தப் பாஷை மட்டும் மிஞ்சியது. அதை எங்கள் மலையில் யார் கண்டார்கள்?

அவர் மகன் யாரி ஹெல்சின்கியில் இருக்கிறான். கோடை விடுமுறைகளில் வந்து போனதில் எங்கள் பாஷை கொஞ்சம் தெரியும். ஈஸ்டருக்கு வந்து கூட்டிப்போகப் பார்த்தான். பெரியவர் விறகுக் கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். "எர்சிலியாக்கா, செப்டம்பர்ல அங்க ஒரு நல்ல இடம் கிடைச்சுடும். அதுவரைக்கும்..." என்று இழுத்தான். அதுவரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டோம். காலையில் நான், மத்தியானம் பக்கத்து வீட்டு லொரேத்தா, ராத்திரி படுக்கவைக்க நுன்சியோ. ஜூனில் ஒருநாள் வீட்டுச் செருப்போடு பள்ளத்தாக்கு ரோட்டில் நான்கு கிலோமீட்டர் நடந்து போயிருந்தார். பால் வண்டிக்காரன் பார்த்து ஏற்றிவந்தான். அதற்கப்புறம் நுன்சியோ அவர் வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கமாக ஒரு கொக்கி அடித்தான். அடித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. 'கோத்தீன்' என்பார். கறி வெந்திருந்தால் நாங்கள் 'கோத்தி' என்போம். பதினாறு வருஷம் கறி சுட்டவர் அதை மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது என்று எங்களுக்கு ஒரே பூரிப்பு. அவர் 'கோத்தீன்' என்ற போதெல்லாம் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"வெந்துடுச்சு வெய்க்கோ, வெந்துடுச்சு. சாப்பிடுங்க."

சாப்பிடுவார். தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி கதவைப் பார்த்து, "கோத்தீன்" என்பார்.

"கும்பாவுக்கு இப்பத்தான் பசியே எடுக்குது" என்பான் நுன்சியோ. வசந்தத்திலிருந்து கோடைக்குள் அவர் கால்சட்டை இடுப்பை நான் இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

திருவிழாவுக்கு முந்தின கூட்டத்தில் தொனாத்தோ எழுந்து நின்று, "அவரை இந்த வருஷம் நெருப்புக்கிட்ட விடாதீங்கப்பா" என்றான்.

"என் பக்கத்துலதானே நிப்பாரு" என்றான் நுன்சியோ.

"நீ குச்சியைப் பார்ப்பியா, அவரைப் பார்ப்பியா?"

"ரெண்டையும் பார்ப்பேன். பதினாறு வருஷம் நின்ன மனுஷனை மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரச் சொல்லச் சொல்றியா? நீயே போய் அவர்கிட்டச் சொல்லு. அவருக்குப் புரியுற மாதிரிச் சொல்லு, பார்ப்போம்."

தொனாத்தோ உட்கார்ந்துவிட்டான்.

திருவிழா சாயங்காலம் வெய்க்கோவுக்குச் சமையல் மேலங்கி மாட்டி, கரிக்குக் காற்று வீச முடி உலர்த்தும் மெஷினைக் கையில் கொடுத்தோம். நாங்கள் எல்லாரும் அதைத்தான் வைத்துக்கொள்வோம், விசிறியை விட அது மேல். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு நேராகக் குச்சிகளைக் கையில் எடுத்தார். பத்துப் பத்தாக ஒரு பிடியில் அள்ளி, ஒரே திருப்பு. கை அப்படியே பழைய கை. நுன்சியோ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் பிள்ளைகள், வீடு வாங்கிக் குடியேறிய பெல்ஜியக்காரர்கள், கடற்கரையிலிருந்து ஏறிவந்த வெளியூர்க்காரர்கள். அக்கார்டியன்காரர் வால்ட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். சூரியன் இன்னும் மலைக்கு மேலேதான் இருந்தது.

அப்போது தொனாத்தோ ஒலிபெருக்கியைப் பிடித்து நன்றி சொல்ல ஆரம்பித்தான். பாட்டு நின்றது. ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. வெய்க்கோ நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு முகங்கள். யாரையும் தெரியாத பார்வை அது. விழாமல் இருக்கக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி, இரண்டு கையாலும் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கத்தவில்லை. வாசனை வந்துதான் நான் திரும்பினேன்.

நுன்சியோ அவரை இழுத்துவிட்டான். உட்காரவைத்து, வாளித் தண்ணீரில் கைகளை முக்கினோம். முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து கட்டுப் போட்டாள். "வேற எங்க வலிக்குது? நெஞ்சு வலிக்குதான்னு கேளுங்க" என்றாள். எப்படிக் கேட்பது? யாரிக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. ஆளாளுக்கு அவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டோம். காது கேட்காதவரிடம் போடுகிற மாதிரி. அவர் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து நிறுத்தாமல் பேசினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நடுநடுவே "கோத்தீன், கோத்தீன்." லொரேத்தா ஒரு தட்டுக் கறியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

எனக்கு என் அண்ணன் சபத்தீனோ ஞாபகம் வந்தது. பத்தொன்பது வயதில் பெல்ஜியம் சுரங்கத்துக்குப் போனவன், அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் முடிந்தான். கடைசி வாரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தான், அங்கே யாருக்கும்தான் புரியவில்லை என்று அந்த ஊர் நர்ஸ் எழுதியிருந்தாள்.

அப்போதுதான் பின் மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். வெளிர்த் தலைமுடி, நாற்பது வயதிருக்கும். வேனிலேயே சமைத்து, வேனிலேயே தூங்கித் தனியாக ஊர் சுற்றுகிறவள். பெயர் சைமி என்று அப்புறம் சொன்னாள். அவர் முன்னால் மண்டியிட்டு ஏதோ சொன்னாள். வெய்க்கோ பேச்சை நிறுத்தினார். கட்டுப் போட்ட கையால் அவள் தோளைத் தொட்டார். பிறகு அவர் மெதுவாகப் பேச, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்றான் நுன்சியோ. "பசிக்குதாமா?"

அவளுக்கு எங்கள் பாஷை தெரியும், ரோமில் படித்தவளாம். எங்களை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "வீட்டுக்குப் போகணும்னு சொல்றார். கோத்தீன்னா எங்க பாஷையில 'வீட்டுக்கு'."

லொரேத்தா அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னும் என்ன சொன்னாரு?"

"இவங்க ரொம்ப நல்லவங்க, நிறைய சாப்பாடு போடுறாங்க, ஆனா என்னைப் போகவிட மாட்டேங்கிறாங்கன்னு சொல்றார்." பிறகுதான் நிமிர்ந்தாள். "இர்யா யாரு? அவங்க தேடுவாங்கங்கிறார்."

"பொண்டாட்டி. செத்து மூணு வருஷம் ஆச்சு" என்றேன்.

"நான் அதைச் சொல்லணுமா?"

"வேண்டாம்" என்றான் தொனாத்தோ. ஒலிபெருக்கி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அந்த 'வேண்டாம்' மைதானம் முழுக்கக் கேட்டது.

அவரை அவர் வீட்டுக்கே அழைத்துப் போனோம். வாசலில் நிற்கவைத்து, "இதுதானே உங்க வீடு?" என்று சைமியைக் கேட்கச் சொன்னோம். அவர் மரியாதையாகத் தலையாட்டி மறுத்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று அவள் கேட்டுப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? நீயும் அங்கேருந்துதானே வர்றே?" என்றாராம்.

மறுநாள் காலையில் சைமி கிளம்ப வேண்டும். அங்கோனா துறைமுகத்தில் கப்பல் பிடிக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டு போக வந்தாள். ஒரு காகிதத்தில் சில வாக்கியங்களை எனக்காக எழுதிக் கொடுத்தாள். வலிக்கிறதா, குளிர்கிறதா, தூங்குங்கள், பக்கத்தில்தான் இருக்கிறோம். எப்படிச் சொல்வது என்று மூன்று முறை சொல்லிக் காட்டினாள். நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெய்க்கோ அறைக்குள் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டார். ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கோட்டு. யாரும் தடுப்பதற்குள் தெருவுக்கு இறங்கி, அவள் வேனின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். கட்டுப் போட்ட கையால் பெல்ட்டைப் போட முடியவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு பொறுமையாக, அவள் வந்து போட்டுவிடுவாள் என்று முன்னால் பார்த்தபடி இருந்தார்.

சைமி கதவோரம் நின்று நெடுநேரம் பேசினாள். அவர் சிரித்த முகமாக, 'சரி, சரி, கிளம்பு' என்கிற மாதிரி தலையசைத்தார்.

"என்னால முடியலை. நீங்கதான் இறக்கணும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, வேனுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நுன்சியோவும் தொனாத்தோவும் சேர்ந்து இறக்கினார்கள். மனுஷனுக்கு எழுபத்தெட்டு வயது, ஆனால் கதவைப் பிடித்த கையை விடவில்லை. கட்டுத் துணியில் ரத்தம் கசிந்தது. "கும்பா, விடுங்க கும்பா, மன்னிச்சுக்குங்க" என்று நுன்சியோ அழுதுகொண்டே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வேன் திரும்பி மறைகிறவரை வெய்க்கோ அதன் பின்னாலேயே பார்த்தார். எங்களைத் திட்டக்கூட இல்லை.

அந்தக் காகிதத்தை வைத்து நான் தினமும் முயன்றேன். "வலிக்கிறதா?" என்று அவர் பாஷையில் கேட்டால், பேசும் கிளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்ப்பார். சில சமயம் வேகமாகப் பதில் சொல்வார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கேட்கத் தெரிந்ததே தவிர, வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அந்த வார்த்தைக்குச் சமைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். 'கோத்தீன்' என்று அவர் சொன்னால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் பத்தாம் தேதி யாரி வந்தான். பெட்டிகள் எல்லாம் காரில் ஏறிவிட்டன. பெரியவர் மட்டும் வாசலில் கதவு நிலையைப் பிடித்து நின்றார். மகன் அவர்களுடைய பாஷையில் எவ்வளவோ சொன்னான். மகன் என்று தெரிந்ததோ இல்லையோ, அவர் அசையவில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க சொல்லிப் பாருங்களேன்" என்றான் யாரி.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். காரைக் காட்டி, "கோத்தீன், வெய்க்கோ" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த மாதிரி நான் யார் முகமும் மலர்ந்து பார்த்ததில்லை. நிலையை விட்டார், படி இறங்கினார், ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். நன்றி என்றுதான் இருக்க வேண்டும். யாரியிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேனா, ஏமாற்றினேனா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

நவம்பரில் யாரி போன் செய்தான். நல்ல இடமாம். ஜன்னலில் ஏரி தெரியுமாம். எல்லா நர்சுகளும் அவர் பாஷைதான் பேசுகிறார்களாம். எனக்கு நெஞ்சு லேசாயிற்று.

"அப்ப நல்லாத்தானே இருக்காரு, தம்பி?"

"தினமும் கோட்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்கிறார், அக்கா. வீட்டுக்குப் போகணுமாம். அவர் பிறந்த ஊருக்கே ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். இது இல்லைன்னுட்டார். உங்க ஊர்ல இருந்த வீட்டுப் போட்டோவைக் காட்டினேன். அதுவும் இல்லையாம். எந்த வீடுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"தெரியலையே தம்பி" என்றேன். "கடைசியா எங்ககிட்ட அவர் பேசினது எதுவுமே எங்களுக்குப் புரியலையே."

போனை வைத்தபோது நுன்சியோ விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "கும்பா எப்படியிருக்காராம்?" என்று கேட்டான்.

"நல்லாயிருக்காராம்" என்றேன். "அங்க குளிர் ஆரம்பிச்சுடுச்சாம்."