உதிர்ந்த எழுத்துகள்

போர்டு எழுதுகிறவர் தன் மகளின் படப்புத்தகத்தில் எழுதிய எழுத்துகள் எல்லாம் மறுநாள் காலையில் தரையில் கிடந்தன. வீட்டைக் கூட்டியபோது பென்சில் சீவலோடு அவையும் முறத்தில் வந்தன. எழுதியது எனாமல் பெயின்டில். கடைத்தெருவில் அவர் எழுதிய பலகைகள் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக அசையாமல் நின்றிருந்தன. அதனால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. தாய்க் கரடி, குட்டிக் கரடி, மேசைமேல் இரண்டு கோப்பைகள். பிறகு தாய்க் கரடி படுத்துவிடுகிறது. பிறகு கட்டில் காலி. அடுத்த பக்கத்தில் குட்டிக் கரடி அம்மாவின் கோப்பையைப் போட்டு உடைக்கிறது. பள்ளிக்கூட டீச்சர் கொடுத்தனுப்பிய புத்தகம் அது. மகளை அத்தை வீட்டில் விட்டிருந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மாதக்கணக்காகியும் ஒருவரும் அதை அவளிடம் சொல்லவில்லை. அம்மா வெளியூர் போயிருக்கிறாள் என்றார் அப்பா. அத்தையும் மருந்துக்கடைக்காரரும் தையல்காரரும் அதே பாட்டைப் பாடினார்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அத்தனை பெரிய மனிதர்களுக்கும் நினைப்பு. அம்மாவின் செருப்பு வாசலிலேயே கிடப்பதை அந்தச் சின்னப் பிள்ளை தினமும் பார்த்தாள். கேட்டால் மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலி இடத்தைக் கண்டால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. காலிக் கட்டிலுக்குக் கீழே, 'கரடியம்மா வெளியூர் போயிருக்கிறாள், சீக்கிரம் வருவாள்' என்று எழுதினார். உதிர்ந்தது. தடித்த தூரிகையில் எழுதி வார்னிஷ் அடித்தார். அதுவும் உதிர்ந்தது. மகள் அள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

அந்த வாரமே கடைத்தெருவிலும் ஆரம்பித்தது. மருந்துக்கடையின் பெயர் மொத்தமாகப் படிக்கட்டில் சரிந்தது. தையல்காரர் தலையில் அவர் கடையின் முதல் எழுத்து விழுந்து புடைத்தது. அத்தை வீட்டு வாசலில் பெயர்ப்பலகையிலிருந்த மாமாவின் பட்டங்கள் செருப்புகளுக்கு நடுவே கிடந்தன. வெளியூர்ப் பாட்டைப் பாடாத சைக்கிள் கடைக்காரரின் பலகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் போர்டு எழுதுகிறவர் வீட்டில் வந்து கத்தினார்கள்.

"அந்தச் சனியன் புடிச்ச புஸ்தகத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சுது, கிழிச்சுப் போடுடா!" என்றாள் அத்தை.

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மகள் நேரே அலமாரிக்குப் போய், அம்மாவின் கோப்பையை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தாள். அது சுக்குநூறாகியது.

"கிழிச்சீங்கன்னா உங்களோடதையும் உடைப்பேன்."

அவர் கையை ஓங்கிவிட்டார். மறு கையில் புத்தகம், குட்டிக் கரடி கோப்பையை உடைக்கும் பக்கத்தில் திறந்திருந்தது. தரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஓங்கிய கை இறங்கியது. சில்லுகளுக்குப் பக்கத்திலேயே சப்பென்று உட்கார்ந்தார்.

"அம்மா செத்துட்டாம்மா. இனிமே வர மாட்டா."

"எனக்குத் தெரியும். நீங்க ஏன் சொல்லல? ஏம்ப்பா சொல்லல?"

இரண்டு முஷ்டிகளாலும் அவர் மார்பில் குத்தினாள். விலக்க வந்த அத்தையை அவர் தடுத்தார். கை ஓயும்வரை குத்தி, அவர் சட்டையிலேயே முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

உதிர்ந்த பலகைகளில் அதற்குப் பிறகு எழுத்து ஒட்டவே இல்லை. மருந்துக்கடைக்கு ஒரு புட்டியும் தையல்கடைக்கு ஒரு கத்தரிக்கோலும் வரைந்து கொடுத்தார். அதைப் பார்த்தே ஆட்கள் கடைக்கு வருகிறார்கள்; யாரும் வழி தவறியதில்லை. மகள் வளர்ந்து பெயின்ட் டப்பா தூக்குகிறாள். பலகையில் கரடி வரைய வேண்டுமென்றால் அவள் கைதான் திருத்தம். மகள் அப்பாவை மன்னித்துவிட்டாள் என்று இங்கே எழுத ஆசைதான். எழுதினால் உதிர்ந்துவிடும்.