வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

எங்கள் கெண்டக்கியில் அப்போது ஓட்டுச் சீட்டெல்லாம் கிடையாது. நீதிமன்ற முன்னறையில், யாருக்கு ஓட்டு என்று ஷெரீப் கேட்பார். வேட்பாளர் பெயரை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். தன் பெயரைச் சொன்னவனுக்கு எழுந்து நின்று, பெயர் சொல்லி நன்றி சொல்வதுதான் மரியாதை.

காலையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் வக்கீல் லைசாண்டர் ப்ரூயிட்டுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. இரண்டு முறை சட்டசபைக்குப் போனவர். இந்த முறை தோற்றால் அரசியலை மறந்துவிட வேண்டியதுதான். முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் இருவருக்கும் சரிசமமாக நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. எதிரே போட்டி வேட்பாளர், பாதி ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரரான தோர்ன்டன் கேன்ஸ் சுருட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கேன்ஸின் குத்தகைக்காரன் அப்சலம் டீக் உள்ளே வந்தான். மூன்று வருஷத்துக்கு முன் கொலைப்பழியில் தூக்குக்குப் போக இருந்தவனை வாதாடி மீட்டவர் ப்ரூயிட். அவனைக் கண்டதும் வக்கீலுக்கு உயிர் வந்தது. மறுகணமே அவன் குடியிருப்பது கேன்ஸின் வீட்டில் என்பது நினைவுக்கு வந்தது. தன் பெயரைச் சொன்னால் அவனுக்கு வீடு போகும். சொல்லாவிட்டால் தனக்குப் பதவி போகும். வேண்டாம் என்று கண்ணைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை, பாவி மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டார்.

"யாருக்குப்பா?" என்றார் ஷெரீப்.

"ப்ரூயிட்டுக்கு."

கேன்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிடு, அப்சலம். வயல்ல நிக்கிற புகையிலையில கை வைக்காத."

ப்ரூயிட்டுக்குத் தாங்கவில்லை. "ஏன்யா இப்படிப் பண்ணின? அவர் பேரையே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நீங்கதானே வக்கீலய்யா சொன்னீங்க? ரகசியச் சீட்டு எதுக்கு, முதுகெலும்பு உள்ளவன் வாய்விட்டுச் சொல்லுவான்னு சட்டசபையில பேசினீங்களாமே. பேப்பர்ல வந்ததை என் பொண்டாட்டி படிச்சுக் காமிச்சா."

அந்தப் பேச்சுக்குச் சபையே மேசையைத் தட்டியது, சீட்டுச் சட்டமும் தோற்றது. பேசியவருக்குச் சொந்த வீடு, சொந்த நிலம், மிரட்ட ஒருத்தரும் இல்லை. வாய் வலிக்குமா என்ன?

மணி ஆறு அடித்தது. ஒரே ஓட்டில் ப்ரூயிட் ஜெயித்துவிட்டார். ஆனாலும் ஷெரீப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை இன்னும் பாக்கி இருந்தது. ப்ரூயிட் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நன்றி, மிஸ்டர் அப்சலம் டீக்."

அப்சலம் தொப்பியைத் தலையில் வைத்தான். "அதுக்கென்னங்கய்யா. நாளைக்கு உங்க வண்டி சும்மா இருக்குமா? சாமான் ஏத்தணும்."